கொட்டகைக்கு எதிரே சொன்ன பவுல்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கு என் பேரில் இரண்டு ஐஸ் தொழிற்சாலை ஓடுகிறது. எந்தப் பெரிய மனிதரின் சிபாரிசாலும் அது வந்ததில்லை. நெல்லித்தோப்பில் என் வயதுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், 'அந்த ஆள் புயலுக்கே அசையாதவர்' என்பார்கள். உண்மைதான். தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்ற நாளிலும் ஐஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்தவன் நான். ஆனால் பிளாஸ்டிக் தட்டு ஒன்றால் எனக்கு வந்த பயம் இருக்கிறதே, அதற்கு முன்னும் பின்னும் அப்படி நான் பயந்தது கிடையாது.

எண்பதுகளின் தொடக்கம் அது. அப்பா வேலை பார்த்த மில் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. நான் மில்லை நம்பவில்லை. மூன்று சக்கர வண்டி ஒன்றைப் பிடித்து, விடிவதற்குள் ஐஸ் கட்டிகளை ஏற்றி, மரத்தூள் தூவி, சாக்குப் போட்டு மூடி, ஊருக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்குக் கொண்டுபோவேன். வீராம்பட்டினம் போகிற பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், அவர்கள் பிள்ளைகள் இன்னும் என்னிடம்தான் ஐஸ் எடுக்கிறார்கள். அங்கே பெரிய படகு வைத்திருந்த ஒருவரைச் சம்மாட்டி என்பார்கள். அவர் வாங்கினால் மற்றவர்களும் வாங்குவார்கள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினால் என் வண்டி குப்பத்துக்குள்ளேயே நுழைய முடியாது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனைவி முழுகாமல் இருந்தாள்.

அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடலைப் பார்த்தாற்போல் ஓலைக் கொட்டகை ஒன்று இருக்கும். ஊர்த் தலைவரை நாட்டார் என்பார்கள், அவரும் பெரியவர்களும் அங்கேதான் பஞ்சாயத்துப் பேசுவார்கள். அந்தக் கொட்டகைக்கு எதிரே நின்று, ஒருவன் இன்னொருவனைக் கை நீட்டி, இவன் எனக்கு இப்படிச் செய்தான் என்று சத்தமாகச் சொல்லிவிட்டால் அது பிராது. வெளியூரான் சொன்னாலும் பிராதுதான். சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. பிராது தீரும்வரை கை நீட்டப்பட்டவன் கடலில் இறங்கக் கூடாது, அவன் போகும் படகும் இறங்கக் கூடாது. அதனால் அந்த இடம் வந்தால் எல்லோருக்கும் குரல் இறங்கிவிடும். இரண்டு பெண்கள் மீன் கூடைக்காகக் கத்திக்கொண்டே வந்து, கொட்டகை முன்னால் வாயை இறுக மூடிக்கொண்டு நடந்து, அதைத் தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இனி அந்தத் தட்டு. டவுனில் கடற்கரையை ஒட்டிய தெருவில் மாடி வீடு ஒன்றில் ஒரு பிரெஞ்சுக்காரர் குடியிருந்தார். என்னிடம் ஐஸ் வாங்குவார். முசியே என்று கூப்பிடுவோம். கொஞ்சம் தமிழ் பேசுவார். அவர்தான் அந்தப் பறக்கும் தட்டைக் கொண்டுவந்தார். அந்த ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். தட்டைக் கையிலிருந்து கைக்கு எறிந்துகொண்டே போய், எதிர்ப்பக்கத்து எல்லைக்குள் நம் ஆள் பிடித்தால் ஒரு புள்ளி. கீழே விழுந்தால் தட்டு எதிராளிகளுக்கு. கேட்க எளிதாக இருந்தது. என்னோடு ஆட வந்த பையன்கள் எல்லோரும் சடுகுடு ஆடியவர்கள். முதல் நாள் எங்களில் ஒருவன் அழகாகப் பிடித்தான். பிடித்த மாத்திரத்தில் நாலு பேர் அவன் கால், இடுப்பு, கழுத்து என்று கிடைத்ததைப் பிடித்து அமுக்கிவிட்டோம். எழுந்து முசியேவைப் பெருமையோடு பார்த்தோம். அவர் தலையில் கை வைத்து மணலில் உட்கார்ந்திருந்தார்.

"தொடக் கூடாது," என்றார்.

"தொடாம எப்டி முசியே புடிக்கறது?"

"ஆளைப் பிடிக்காதே. தட்டைப் பிடி."

பிறகு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். தட்டு கையில் இருப்பவன் ஓடக் கூடாது. அவனை மறிப்பவன் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். ஓடும்போது தோளோடு தோள் லேசாக உரசினால் அது குற்றமில்லை. ஆனால் ஒருவன் நிற்கும் இடத்துக்குள் இன்னொருவன் புகுந்து மோதினால் குற்றம். மேலே எம்பியவனுக்கு அவன் இறங்கப் போகும் மணலும் சொந்தம், அங்கே போய் நிற்கக் கூடாது. இதை எங்கள் கூட்டத்தில் முதலில் பிடித்துக்கொண்டவன் நான்தான். படித்த பையன்கள் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களுக்கே நான் விளக்கினேன்.

பிடிபடாதது வேறொன்று. என் கூட்டாளி ஒருவன் இருந்தான், டவுனில் தையல் கடை வைத்திருந்த ஒரு பாயின் மகன். நாங்கள் மாமா, மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவன் கேட்டான்.

"சரி முசியே, ரெப்ரீ யாரு?"

"இல்லை. நீதான்."

"நான் ஆடறவன் ஆச்சே."

"ஆமாம். அடி பட்டவன் பவுல், அதாவது குற்றம், என்று சொல்வான். மற்றவன் ஒத்துக்கொண்டால் தட்டு அவனுக்கு. இல்லை என்றால், தட்டு எறிந்தவனிடம் திரும்பிப் போகும். மறுபடி எறிவான்."

"அப்ப யாரு சொன்னது நெசம்?"

"ரெண்டும்."

நாங்கள் சிரித்தோம். எங்கள் தெருவில், இவன் என்னை அடித்தான் என்று சொல்கிறவனுக்கு இன்னும் இரண்டு அடி விழும். அடித்தவனும் பட்டவனும் சேர்ந்து நெசம் பேசுகிற ஆட்டத்தை யார் கண்டது.

குப்பத்து ஆட்களும் ஆட ஆசைப்பட்டார்கள். முசியேவுக்குச் சந்தோஷம். அவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம் என்று பந்தயம் பேசி, ஒரு மாலையில் அங்கே போனோம். மணல் எங்கே சமமாக இருக்கிறது என்று முசியே காலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே போய், கடைசியில் குச்சியால் கோடு கிழித்தது நேரே கொட்டகைக்கு எதிரே.

"வேற எடம் பாக்கலாம் முசியே," என்றேன்.

"இது நல்ல மணல்."

அவருக்குப் பிராது என்றால் என்னவென்று எப்படிச் சொல்வது? என் பையன்கள் முன்னால் பயந்ததாகக் காட்டிக்கொள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. கொட்டகையில் நாட்டாரும் பெரியவர்களும் வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். வலை பின்னுகிறவர்கள், பெண்கள், சம்மாட்டி, எல்லோரும் வந்துவிட்டார்கள்.

எனக்கு எதிராக நின்றவன் சம்மாட்டியின் மச்சான், அவர் மனைவியின் தம்பி, அவர் படகில்தான் கடலுக்குப் போகிறவன். தோள் இரண்டும் கட்டுமரம் மாதிரி இருக்கும். கெட்டவன் இல்லை. அவன் உடம்புக்கு ஒதுங்கத் தெரியாது, அவ்வளவுதான். ஓடும்போது முழங்கை இடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். மறுபடி இடுப்பில் இடித்தது, சும்மா இருந்தேன். என் கூட்டாளி பக்கத்தில் ஓடி வந்தான்.

"சொல்லு மாமா, பவுல்னு."

"நீ சொல்லேன் மச்சான்."

"எனுக்குப் படலியே."

"அப்ப வாய மூடிகினு ஓடு."

தட்டைத் துரத்துவதைவிட, என் நாக்கைப் பிடித்து வைப்பதுதான் அன்றைக்கு எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

ஆட்டம் முடியப்போகிற நேரம். என் கூட்டாளி தூரத்திலிருந்து எறிந்தான். கடல்காற்றில் தட்டு உயரத்தில் நின்று நின்று வந்தது. நான் எம்பினேன். அவனும் எம்பினான். விலாவில் ஏதோ வந்து இறங்கியது, அவ்வளவுதான் தெரியும். கீழே விழுந்தேன். மூச்சு வரவில்லை. மூச்சு திரும்பி வந்தபோது அதோடு சேர்ந்து அந்தச் சொல்லும் வந்துவிட்டது.

"பவுல்."

சொன்னது மட்டுமில்லை, என் கை அவனைப் பார்த்து நீண்டிருந்தது. அதை நான் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். கொட்டகைக்குள் நாட்டார் எழுந்து நின்றார்.

"இன்னா சொன்ன ஐஸ்காரரே?"

"ஒண்ணுமில்லீங்க நாட்டாரே, ஆட்டத்துல சொல்றதுதான்."

"அப்டின்னா இன்னா அர்த்தம்?"

பொய் சொல்லியிருக்கலாம். முசியே முந்திக்கொண்டு, உதவி செய்வதாக நினைத்து, "அவன் மோதினான் என்று அர்த்தம்," என்றார்.

"கை யாரை நீட்டின?"

சம்மாட்டியின் மச்சானே தலையைக் குனிந்துகொண்டு, "என்னைத்தான்," என்றான்.

"காலைல வந்து பேசு," என்றார் நாட்டார் என்னிடம். அவனைப் பார்த்து, "அதுவரைக்கும் எறங்காத. உன் படகும் எறங்கக் கூடாது," என்றார்.

நல்ல மீன் ஓடுகிற காலம் அது. சம்மாட்டி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, திட்டவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"நாளைக்கிப் போவாதீங்க," என்றாள்.

"போவலன்னா ஓடிட்டான்னு ஆயிடும். அப்புறம் என்னிக்குமே அங்க நொழைய முடியாது."

"அடிப்பாங்களா?"

"அடிச்சாப் பரவால்ல."

உண்மையாகத்தான் சொன்னேன். அடி ஆறிவிடும். அங்கே பிராது சொன்னவனை அம்மன் பேரில் சத்தியம் செய்யச் சொல்வார்கள், வெற்றிலையில் சூடம் ஏற்றிக் கையில் கொடுத்து. பொய்ச் சத்தியம் செய்தவன் வீட்டில் முதலில் பிள்ளையின் மேல்தான் விழும் என்று சொல்வார்கள். அது அவளுக்கும் தெரியும். அவள் கை அடிவயிற்றுக்குப் போனது.

பாயில் படுத்துக்கொண்டு அந்த ஒரு எம்பலை மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தேன். முதலில் அவன் தோள் என் விலாவை நோக்கி வந்தது. இன்னொரு முறை நினைத்தால், தட்டுக்கு நேர் கீழே அவன் ஏற்கெனவே எம்பியிருந்தான், நான்தான் பக்கவாட்டில் போய் அவன்மேல் விழுந்தேன். அந்தரத்தில் யாருடைய இடம் யாருடையது? முசியே சொன்ன விதியெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் கண் தட்டின் மேல் இருந்தது. பக்கத்தில் என்ன நடந்தது என்று என் விலா எலும்பு சொல்லித்தான் எனக்குத் தெரியும். எலும்பு, அடி பட்டதைச் சொல்லும். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கியது என்று சொல்லாது.

காலையில் வழக்கம்போல ஐஸ் ஏற்றிக்கொண்டு போனேன். ஏற்றாமல் போனால் பயந்ததாகத் தெரியும். என் கூட்டாளியும் முசியேவும் சைக்கிளில் பின்னாலேயே வந்தார்கள். குப்பத்துக்குள் ஒருவரும் வண்டியை நிறுத்தவில்லை. தினமும் பேரம் பேசும் பெண்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சம்மாட்டியின் படகு மணலில் அப்படியே கிடந்தது. வண்டியைக் கொட்டகையின் ஓரமாக நிறுத்தினேன். சாக்குக்கு அடியிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. பிராது நடந்த நேரம் முழுவதும் அந்தச் சொட்டு என் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

நாட்டார் முன்னால் ஒரு வெற்றிலை, அதன்மேல் இன்னும் கொளுத்தாத சூடம்.

"அவன் உன்மேல வந்து மோதினான்னு கையில ஏத்தி சொல்லு," என்றார்.

கை நீட்டினேன். முழங்கைக்குக் கீழே கை என்னுடையதாக இல்லை.

அதற்குள் சம்மாட்டியின் மச்சான், "நான் தட்டு மேலதான் கண்ணா இருந்தேன். இவருதான் நடுவுல பூந்தாரு," என்றான்.

"அப்ப நீ ஏத்து," என்றார் நாட்டார், வெற்றிலையை அவன் பக்கம் தள்ளி.

அவன் வெற்றிலையைப் பார்த்தான். எடுக்கவில்லை. கூட்டத்தில் அவன் தாயார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றார். கடலில் இறங்குகிறவன் அவன். தினமும் அம்மனைக் கும்பிட்டுத்தான் அலையில் கால் வைப்பான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அந்த இரும்புத் தோள்காரனும் இரவெல்லாம் பாயில் கிடந்து அதே எம்பலை எண்ணிப் பார்த்திருக்கிறான், அவனுக்கும் விடை கிடைக்கவில்லை. அவன் பயந்ததைப் பார்த்து என் பயம் குறைந்திருக்க வேண்டும். கூடத்தான் செய்தது. இரண்டு பேரும் எடுக்காவிட்டால் இந்தச் சூடம் எங்கே போகும்?

நான் வாய் திறந்தேன்.

"நாட்டாரே, எனுக்கு அடி பட்டுது. அதுக்கு எந்த சத்தியம் வேணுன்னாலும் பண்றேன். அவன் அடிச்சான்னு பண்ண மாட்டேன். யாரு எடத்துல யாரு பூந்தோன்னு எனுக்குத் தெரியல."

"தெரியாமத்தான் கை நீட்டினியா?"

"இந்த ஆட்டத்துல பட்டவன்தாங்க சொல்லணும். வேற ஆளு கெடையாது."

"சொன்னா இன்னா ஆவும்?"

"அவன் ஒத்துகினா தட்டு எனுக்கு. இல்லன்னு சொன்னா, எறிஞ்சவன்கிட்டயே போயிடும். திரும்ப எறிவான்."

"தண்டம்?"

"இல்லீங்க."

"கால்ல வுழறது?"

"அதுவும் இல்லீங்க."

பின்னாலிருந்து ஒரு கிழவர், "தண்டமும் இல்ல, கால்ல வுழறதும் இல்லன்னா அப்புறம் எதுக்குடா பஞ்சாயத்து, ஊட்டுக்குப் போய்க் கஞ்சி குடிக்கலாமே," என்றார். நாலு பேர் சிரித்தார்கள். நாட்டார் சிரிக்கவில்லை.

"யாரு பொய் சொன்னாங்கன்னு எப்டித் தெரியும்?" என்று முசியேவைக் கேட்டார்.

முசியே சொற்களைத் தேடினார். "ரெண்டு பேரும் நல்லவன். ரெண்டு பேரும் பார்க்கவில்லை. அதனால் திரும்ப," என்றார்.

என் வண்டிக்கு அடியில் மணல் கறுத்து நனைந்திருந்தது. கடைசியில் நாட்டார் சொன்னார்.

"ஆட்டத்துல வந்த பிராது, ஆட்டத்துலியே தீரட்டும். யார் யார் எங்க நின்னீங்களோ அங்கியே நில்லுங்க. அந்த ஒரு எறிய திரும்ப எறிங்க, நாங்க பாக்கறோம். ஆனா ஒண்ணு. இந்த வாட்டியும் பட்டுதுன்னு எவனாவது வாயத் தொறந்தா சூடத்தக் கொளுத்திடுவேன். அப்புறம் ரெண்டு பேருமே ஏத்தித்தான் ஆவணும்."

எங்கள் பக்கம் வேலைக்குப் போன ஆட்கள் வரவில்லை. அவர்கள் இடத்தில் முசியேவும் வேடிக்கை பார்த்தவர்களும் நின்றார்கள். நேற்று நீ இங்கே நிற்கவில்லை, அங்கே நின்றாய் என்று கொஞ்ச நேரம் தகராறு, அதுவும் தணிந்த குரலில். என் கூட்டாளி தட்டைக் கையில் எடுத்தான். என்னைப் பார்த்தான். எறிந்தான்.

தட்டு நேற்றைய அதே வழியில்தான் வந்தது, உயரமாக, காற்றில் நின்று நின்று. நான் ஓடினேன். அவன் காலடி பக்கத்தில் கேட்டது. ஒன்று சொல்கிறேன், அது எனக்கு வந்த தட்டு. எங்கள் கூட்டத்தில் என் அளவு எம்பக்கூடியவன் எவனும் இல்லை, வேறு எந்த நாளாக இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு நடந்திருப்பேன். ஆனால் அவன் உடம்பின் சூடு என் தோளில் தெரிந்தது. இன்னும் ஒரு விரல் நகர்ந்தால் பட்டுவிடும். என் மனைவியின் கை எங்கே போனது என்பது ஞாபகம் வந்தது. நின்றுவிட்டேன். கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் அவனும் அப்படியே, குளிரில் நடுங்குகிறவன் மாதிரி கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். தட்டு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இறங்கி, விளிம்பால் மணலில் குத்தி, கொஞ்சம் உருண்டு, படுத்துக்கொண்டது.

"இப்ப?" என்றார் நாட்டார்.

"விழுந்தால் எதிர்ப்பக்கம். அவர்களுக்கு," என்றார் முசியே.

"அப்ப நம்ம பையனுது. பட்டுதா?"

"இல்லீங்க," என்றேன்.

"உனுக்கு?"

"படல," என்றான் அவன்.

"தீந்துது." நாட்டார் சூடத்தை வெற்றிலையோடு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

சம்மாட்டியின் மச்சான் தட்டை எடுத்தான். எடுத்தவனுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை, பந்தியில் உட்கார இடம் கிடைக்காதவன் மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றான். ஆட்டத்தைத் தொடரலாம் என்றார் முசியே. ஒருவரும் அசையவில்லை.

சம்மாட்டி என் வண்டிக்குப் பக்கத்தில் வந்து சாக்கைத் தூக்கிப் பார்த்தார்.

"எவ்ளோ கரைஞ்சுது?"

"பாதிக்கு மேல நிக்குதுங்க."

"எறக்கு. படகு கெளம்பணும்."

அவ்வளவுதான் சொன்னார். மச்சானைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவன் தட்டை மணலில் வைத்துவிட்டு வந்தான். கட்டிகள் கரைந்து வழவழவென்று இருந்தன, ஒரு ஆள் தூக்கினால் நழுவும். அவன் ஒரு முனையைப் பிடித்தான், நான் மறுமுனையைப் பிடித்தேன். நடுவில் கட்டி, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன், நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து படகுவரை போனோம். விரல் மரத்துப்போனது. விலா குத்தியது. படகு ஓரத்தில் கட்டியைச் சாய்க்கும்போது கைகள் கிட்டே வந்தன. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை இழுத்துக்கொண்டோம். கட்டி படகுக்குள் விழுந்து இரண்டாக உடைந்தது.

மாசி மாதம் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது, நல்லபடியாக. அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் அந்தக் குப்பத்துக்கு ஐஸ் கொண்டுபோனேன். முதலில் ஒரு வண்டி, பிறகு மூன்று வண்டி, பிறகு லாரி. லாரி வாங்கிய பிறகும் அந்த வழிக்கு மட்டும் நானே ஓட்டிப் போவேன், டிரைவரை நம்பி அனுப்ப மாட்டேன். கொட்டகை வரும் இடத்தில் ஆரன் அடிக்க மாட்டேன். யாராவது குறுக்கே வந்தால் வண்டியை நிறுத்தி, அவர்களாக நகரும்வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.